கம்பத்துக்குக் குழி விட்டீர்கள், எர்த்துக்கும் ஒன்று விடுங்கள்

கோபி, ஈரோடு, பெருந்துறை, காங்கேயம் சுற்றுவட்டாரத்து அம்மன் கோயில் திருவிழாக் கமிட்டியாருக்கு,

திருவிழா தொடங்குகிற இந்த வருஷப் பூச்சாட்டுக்காக நீங்கள் அனுப்பிய ஒப்பந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. ரேட் குறைவு என்பதால் அல்ல. ரேட்டைப் பற்றி இந்த மடலில் ஒரு வார்த்தைகூட இருக்காது, அது நேரில் பேசித் தீர்த்துக்கொள்கிற விஷயம். கையெழுத்துப் போட முடியாததற்குக் காரணம், தாளின் கடைசியில் புதிதாகச் சேர்த்திருக்கும் மூன்று வரிகள்.

மைக் செட், சீரியல் செட், பந்தல் லைட் எல்லாவற்றுக்கும் கோயில் மீட்டர் பெட்டியிலிருந்து வரும் ஒரே லைனில்தான் கரண்டு எடுக்க வேண்டும் என்பது முதல் வரி. கோயில் முன்பு புதிதாகப் போட்ட கிரானைட் தளத்திலோ அதை ஒட்டியோ எர்த் ராடு (கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கும் கம்பி) அடிக்கவோ குழி தோண்டவோ கூடாது என்பது இரண்டாவது. கருவிக்கோ ஆளுக்கோ எது நேர்ந்தாலும் கமிட்டி பொறுப்பல்ல என்பது மூன்றாவது. ஒரு ஊர்க் கமிட்டி இதை முதலில் எழுதியது. அப்புறம் கோயில் பெயரை மட்டும் மாற்றி மற்ற ஊர்க் கமிட்டிகளும் அதே தாளை வாட்ஸ்அப்பில் அனுப்ப ஆரம்பித்துவிட்டன. அதனால்தான் ஒருவருக்கு எழுத வேண்டியதை எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

இந்த மூன்று வரிகளையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கிற அர்த்தத்தை எழுதியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன். மைக் பிடிக்கிறவருக்கு ஆபத்து வரும் வழியை முதல் வரி திறந்துவிடுகிறது. அதைத் தடுக்கிற வழியை இரண்டாவது வரி அடைக்கிறது. நடந்த பிறகு கேட்க ஆளில்லாமல் மூன்றாவது வரி பார்த்துக்கொள்கிறது.

மைக்கிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் எங்கள் பெட்டிகளில் ஊர்க்காரர்கள் கையால் தொடுகிற ஒரே சாமான் அதுதான். வயர் மைக்கின் உடம்பு உலோகம். அந்த உடம்பு கேபிளின் மேல் வலை வழியாக, சத்தங்களைக் கலந்து ஆம்புக்கு அனுப்பும் மிக்சரின் தகரப் பெட்டியோடு சேர்ந்திருக்கிறது. மிக்சரின் பெட்டி, பிளக்கின் பெரிய மூன்றாவது பின் வழியாக எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. சேர்ந்திருக்க வேண்டும். அந்த எர்த் எங்கேயாவது அறுந்திருந்தால், மிக்சரிலோ ஆம்பிலோ அதோடு இணைந்த கீபோர்டு அடாப்டரிலோ கரண்டு வருகிற ஃபேஸ் வயர் ஒன்று உள்ளே உரசினாலும் போதும், 230 வோல்ட்டும் மைக் பிடித்தவர் கைக்கு வந்துவிடும். அவர் வெறுங்காலோடு நிற்கிறார். கோயில் வாசலில் யாரும் செருப்பு போட்டுக்கொண்டு பாட மாட்டார்கள், போடச் சொல்லவும் முடியாது. நனைந்த உடம்பின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட்டை ஆயிரத்தால் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். இதயத்தைத் தாறுமாறாக்க அதில் சிறு பங்கே போதும். 1972 மே மாதம் பிரிட்டனில் ஸ்வான்சீ நகரத்து மேடை ஒன்றில் லெஸ் ஹார்வி என்ற கிடார் கலைஞர் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு இறந்துபோனார். கருவிகள் அதற்கப்புறம் எவ்வளவோ மாறிவிட்டன, எர்த்தின் வேலை மாறவில்லை.

நம் ஊரில் இதில் தண்ணீரும் சேர்கிறது. கோயில் முன்பு மரக் கம்பம் நட்ட நாளிலிருந்து பிடுங்குகிற நாள் வரைக்கும் பெண்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ராத்திரி அதே ஈரத் தரையில் கம்பத்தைச் சுற்றி ஆட்டம். கடைசி நாள் மஞ்சள் நீராட்டு, அன்றைக்குத் தண்ணீர் படாத இடம் என்று ஊரில் எதுவும் கிடையாது, எங்கள் பாக்ஸ் உட்பட. உங்கள் தாளில் மைக் செட்டுக்கு ஒதுக்கியிருக்கும் இடமோ கம்பத்துக்கு நேர் பக்கத்தில், தண்ணீர் வடிந்து ஓடுகிற பக்கம்.

பழுது எதுவும் இல்லாவிட்டாலும் எர்த் இல்லாத பெட்டி சும்மா இருக்காது. இப்போது வரும் மிக்சர், ஆம்ப், எல்இடி வால் எல்லாவற்றிலும் கரண்டு உள்ளே நுழைகிற இடத்தில் இரைச்சலை வடிகட்டச் சின்னச் சின்னக் கப்பாசிட்டர்கள் இருக்கும். அவை கொஞ்சம் கரண்டை எர்த்துக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும், அது அவற்றின் வேலை. எர்த் இல்லையென்றால் பெட்டியின் உடம்பு சப்ளையில் பாதி, அதாவது 115 வோல்ட் பக்கத்தில் மிதக்கும். ஒரு பெட்டி என்றால் விரலில் லேசாகச் சுர்ரென்கும். பத்துப் பெட்டிகளை ஒன்றாகக் கட்டினால் பத்தின் கசிவும் ஒன்றாகக் கூடி, மைக் பிடித்தவர் உடம்பு வழியாக இறங்கும். ‘லேசாக் கூசுது’ என்று பாடகர் சொன்னால் அது கப்பாசிட்டர் கசிவா, நிஜமான பழுதா என்று தொட்டுப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

காங்கேயம் பக்கம் ஒரு வள்ளி கும்மி அரங்கேற்றத்தில் இதுதான் நடந்தது. சாயங்காலம் ஒரு தூறல் போட்டு நின்றிருந்தது. மைதானம் முழுக்க ஒரே நிறப் புடவையில் பெண்களும் குழந்தைகளும் வரிசை கட்டி நிற்கிறார்கள். பாட்டெடுத்துக் கொடுக்க வந்த ஆசிரியர் மைக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார். என்னவென்று கேட்டதும், “தம்பி, மைக் புடிச்சா வெடுக்குங்குது” என்றார். மீட்டரை வைத்துப் பார்த்தால் மைக் உடம்புக்கும் தரைக்கும் நடுவில் நூறு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. எங்களுக்குக் கொடுத்திருந்த பலகையில் மூன்று ஓட்டை சாக்கெட் அழகாக இருந்தது. கழற்றிப் பார்த்தால் பெரிய ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை. மெயினை இறக்கிவிட்டு, மேடைக்குப் பின்னால் ராடு அடித்து, தண்ணீர் ஊற்றி, எர்த் சேர்த்த பிறகுதான் நிகழ்ச்சியைத் தொடங்கவிட்டேன். அதுவரைக்கும் கூட்டத்தில் ஒரே கூச்சல். கமிட்டிப் பெரியவர் ஒருவர் வந்து, “ஏனுங் தம்பி, கொஞ்சம் கூசுனதுக்குப் போயி இத்தன சனத்த நிறுத்தி வெப்பீங்ளா?” என்றார். ஆமாங்கய்யா, நிறுத்தி வைப்பேன். உங்கள் புது ஒப்பந்தப்படி அன்றைக்கு நான் ராடு அடித்திருக்க முடியாது. நிகழ்ச்சியை நடத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் கிளம்பியிருக்க வேண்டும்.

ஒரே லைன் என்ற முதல் வரிக்கு வருகிறேன். சீரியல் செட்டுக்கு மூன்று ஃபேஸ் எடுப்பார்கள், அதில் ஒன்றை எங்களுக்குத் தட்டிக் கொடுப்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மூன்று ஃபேஸும் திரும்பிப் போகிற வழி ஒரே நியூட்ரல் வயர். அந்த வயர் எங்கேயாவது ஒரு ஜாயிண்டில் கழன்றுவிட்டால், ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230 வோல்ட்டில் உட்கார்ந்திருந்த சாமான்கள் எல்லாம் ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். அங்கே இருப்பது 400 வோல்ட். அது சரிபாதியாகப் பிரியாது. சுமை அதிகமான பக்கம் விளக்கு மங்கும், சுமை குறைவான பக்கத்துக்கு வோல்ட் ஏறும்.

பவானிப் பக்கம் ஓர் ஊர்ப் பொங்கலில் என் கண் முன்னால் நடந்தது. இன்னிசைக் கச்சேரி பாதியில் இருக்கும்போது தெருவில் ஒரு பக்கத்துச் சீரியல் வளைவு மங்கிப்போனது, மறுபக்கத்து வளைவு பளிச்சென்று எரிந்தது. ஜனங்கள் அதையும் ஒரு வேடிக்கை என்று நினைத்துக் கை தட்டினார்கள். நான் மெயினுக்கு ஓடுவதற்குள் கீபோர்டு அடாப்டரிலிருந்து புகை வந்துவிட்டது. மிக்சர் போனது, இரண்டு வயர்லெஸ் ரிசீவர்கள் போயின, கீபோர்டு வாசித்த பையன் கடன் வாங்கி எடுத்திருந்த கருவியும் போனது. அப்புறம் தேடினால், அலுமினிய வயரையும் செம்பு வயரையும் கையால் முறுக்கி டேப் சுற்றிய நியூட்ரல் ஜாயிண்ட் கருகிக் கிடந்தது. சீரியல் போட்டவர் ஈ.பி. வோல்ட் ஏறிவிட்டது என்றார். வந்து பார்த்த லைன்மேன், மீட்டர் வரைக்கும் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். கரண்டு பாக்ஸை நாங்களா வைத்தோம் என்று கமிட்டி கேட்டது. அவரவர் எல்லைக்குள் எல்லாரும் சொன்னது சரிதான். நஷ்டம் மட்டும் அந்தப் பையனுக்கும் எனக்கும். இப்போது அதை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளப் பார்க்கிறீர்கள்.

நிற விவகாரம் வேறு இருக்கிறது. மூன்று ஃபேஸ் லைனில் பழைய வழக்கப்படி சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே ஃபேஸ், கருப்பு நியூட்ரல், பச்சை எர்த். எங்கள் கருவிகளோடு வரும் பவர் கார்டில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சையில் மஞ்சள் கோடு போட்டது எர்த். அதாவது ஒரு வயரில் கடிக்கிற நீலம், இன்னொரு வயரில் நியூட்ரல். ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் வேலை செய்கிற பையன் நீலத்தை நீலத்தோடு சேர்க்கத்தான் செய்வான். பலகை எங்கள் கைக்கு வந்ததும் எதையும் சொருகாமல் முதலில் மீட்டர் வைத்துப் பார்ப்பது அதனால்தான். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்றிரண்டு வோல்ட், இப்படி மூன்றும் ஒத்துவந்தால் மட்டுமே சொருகுவோம். இதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது. ‘ரேடியோ செட்காரன் இன்னும் பாட்டுப் போடாம என்னத்த நோண்டிக்கிட்டிருக்கான்’ என்று மைக் இல்லாமலே சத்தம் போடுகிறவர்கள் தயவுசெய்து இதைக் கவனிக்கவும்.

பந்தல்காரர்கள் பிளக்கே இல்லாமல் வயர் முனையை உரித்து சாக்கெட்டுக்குள் விட்டு, கழன்று விழாமல் தீக்குச்சி சொருகி நிற்க வைப்பது நீங்கள் எல்லாரும் பார்த்ததுதான். அந்த முறையில் மூன்றாவது வயருக்கு வேலையே இல்லை. பார்த்துப் பார்த்துப் பழகிப்போய்விட்டது, அவ்வளவுதான்.

குறை உங்கள் பக்கம் மட்டும்தான் என்று சொல்ல வரவில்லை. எங்கள் தொழிலிலும் இருக்கிறது. பாக்ஸில் ‘உம்ம்’ என்று இரைச்சல் வந்தால் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடுகிற ஆட்கள் இந்த வட்டாரத்திலேயே உண்டு. இரைச்சல் நிற்கும், உண்மைதான். மேடைக் கருவி ஓரிடத்து எர்த்திலும் மிக்சர் வேறிடத்து எர்த்திலும் நின்றால் நடுவில் ஓடும் சிக்னல் கேபிளின் வலையில் கரண்டு சுற்றும், அதுதான் அந்த இரைச்சல். அதை வெட்ட வேண்டியது சிக்னல் பக்கத்தில். கருவியை மிக்சரோடு இணைக்கும் டிஐ பாக்ஸில் அதற்கென்றே ஒரு சுவிட்ச் இருக்கிறது, ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரும் கிடைக்கிறது. மேடைக்கும் மிக்சருக்கும் ஒரே பெட்டியிலிருந்து ஒரே ஃபேஸில் கரண்டு எடுத்தால் பெரும்பாலும் இரைச்சலே வராது. பவர் பின்னை வெட்டுகிறவரைக் கண்டால் அவரை வேலைக்குக் கூப்பிடாதீர்கள், அவர் எனக்குச் சொந்தக்காரராக இருந்தாலும் சரி. பாக்ஸ் வயருக்கும் கரண்டு வயருக்கும் ஒரே மாதிரி இரண்டு பின் பிளக் மாட்டி வைத்திருப்பவரும் இந்தக் கணக்கில்தான் வருவார். ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கான், கரண்டுக்குப் பவர்கான் என்று ஒன்றுக்குள் ஒன்று நுழையாத பிளக்குகள் வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. பவர்கானிலும் பழைய நீலம்-சாம்பல் வகையைச் சுமை ஓடும்போது பிடுங்கக் கூடாது, அது கரண்டை அறுப்பதற்காகச் செய்ததல்ல. சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். இதெல்லாம் எங்கள் பாடு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

எர்த் விஷயத்தில் உங்கள் பக்கத்து வாதம் ஒன்றைக் கேட்டேன்: ‘எம்சிபி போட்டிருக்கோமுங்க, ஷாக் அடிச்சா அதுவே விழுந்துருமே.’ விழாது. எம்சிபி என்பது அளவுக்கு மீறிக் கரண்டு ஓடினால் மட்டும் விழுகிற சுவிட்ச். ஒரு ராடு அடித்து அதன் தடை 20 ஓம் என்று வையுங்கள், காய்ந்த செம்மண்ணில் அதற்கு மேலும் போகும். ஃபேஸ் பெட்டியைத் தொட்டால் அதன் வழியாக ஓடுவது 230 வகுத்தல் 20, அதாவது பதினொன்றரை ஆம்பியர். உங்கள் 32 ஆம்பியர் எம்சிபிக்கு அது சாதாரணச் சுமை, ராத்திரி முழுக்க அப்படியே நிற்கும். அதனால்தான் ராடோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி என்ற கசிவுச் சுவிட்சும் வேண்டும் என்கிறோம். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமாக இல்லையென்றால் அது அறுத்துவிடும். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கு அதிகபட்சம் 0.3 விநாடி, 150 மில்லி ஆம்பியருக்கு 0.04 விநாடி. அதற்கு 20 ஓம் எர்த்தே தாராளம். ‘அது சும்மா சும்மா விழுதுங்க’ என்று வயர்மேன்கள் அதைத் தாண்டி நேர் வயர் போட்டுவிடுகிறார்கள். சும்மா விழாது. சீரியல் செட்டின் நியூட்ரலையும் மைக் செட்டின் நியூட்ரலையும் ஒன்றாக முறுக்கியிருப்பார்கள், இல்லையென்றால் எங்கேயோ நனைந்த ஜாயிண்ட் கசிந்துகொண்டிருக்கும். உங்கள் ஒரே லைன் ஏற்பாட்டில் சீரியலில் ஒரு பல்பு நனைந்தால் மைக் செட்டும் சேர்ந்து விழும், விழுந்தால் யாராவது ஆர்சிசிபியைத் தாண்டி வயர் போடுவார், அத்தோடு பாதுகாப்பு முடிந்தது.

வயர் நீளத்தையும் சொல்லிவிடுகிறேன். மீட்டர் பெட்டியிலிருந்து மேடை 60 மீட்டர் என்றால் போக வர 120 மீட்டர் செம்பு. 1 ஸ்கொயர் எம்எம் வயரில் 10 ஆம்பியர் எடுத்தால் வழியிலேயே 20 வோல்ட்டுக்கு மேல் தின்றுவிடும். 200 வாட்டுக்கு மேல் வயரைச் சூடாக்கவே போகும். ரீலில் சுற்றியபடியே விட்டால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் வயரின் பிளாஸ்டிக் இளகும். அதே தூரத்துக்கு 4 ஸ்கொயர் போட்டால் இழப்பு 6 வோல்ட்தான். பந்தல்காரர் டியூப் லைட்டுக்குப் போடும் மெல்லிய வயரை நீட்டி ‘இதுல எடுத்துக்கங்’ என்று சொல்லும்போது நாங்கள் முகம் சுளிப்பதற்கு இதுதான் காரணம், திமிர் அல்ல.

ஜெனரேட்டர் பற்றி உங்கள் தாளில் ஒன்றுமே இல்லை, ஆனால் கரண்டு போனால் மாற்றிவிடுவீர்கள். அதன் நியூட்ரலை எர்த்தோடு சேர்க்காமல் ஓட்டினால், கசிகிற கரண்டு திரும்பப் பாதை இல்லாததால் ஆர்சிசிபிக்கு எதுவும் தெரியாது. இரண்டாவது இடத்தில் இன்னொரு பழுது வரும்போதுதான் விஷயம் வெளியே வரும், யாராவது ஒருவர் கை வழியாக. மேடை ஜெனரேட்டரிலும் மிக்சர் ஈ.பி.யிலும் ஓடுகிற ஏற்பாட்டையும் பார்த்திருக்கிறேன். அது வேண்டவே வேண்டாம்.

‘அந்தக் காலத்துல இத்தன கேள்வியா இருந்துச்சு, உங்கப்பா ஒரு வயர மாட்டிட்டுப் போயிட்டே இருப்பாரு’ என்று சிலர் சொல்கிறீர்கள். அப்பா கொண்டுவந்தது ஒரு அகுஜா ஆம்பும் மரத்தில் கட்டும் இரண்டு குழாயும். கரண்டு இல்லாத இடத்தில் 12 வோல்ட் பேட்டரியிலேயே ஓட்டிவிடுவார். இப்போது நீங்கள் கேட்பது ஆளுயரத்துக்கு அடுக்கிய பேஸ் பாக்ஸ், லைன் அர்ரே, எல்இடி வால், மேடை விளக்கு. அந்த வயரும் இந்தச் சுமையும் ஒன்றில்லை.

ஒலிபெருக்கி அனுமதிக்குக் காவல் நிலையத்துக்குப் போகும்போது கூம்பு வடிவக் குழாய் கூடாது என்கிறார்கள், ராத்திரி 10 மணிக்கு நிறுத்த வேண்டும் என்கிறார்கள். இரண்டும் சரியே. எர்த் இருக்கிறதா என்று இன்றுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. மின் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரின் பொறுப்பில்தான் செய்ய வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள் சொல்கின்றன. 2010-ல் வந்து 2023-ல் புதுப்பிக்கப்பட்ட விதிமுறைகள் அவை. 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்த பிறகு, தேர் போகும் வழியில் மேலே கம்பி இருக்கிறதா என்று நிமிர்ந்து பார்க்கிறோம். தரையில் கிடக்கிற வயரையும் குனிந்து பார்க்கச் சொல்கிறேன்.

தளம் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. நன்கொடை திரட்டிப் போட்ட கிரானைட்டை வருஷா வருஷம் எவனோ வந்து குத்திவிட்டுப் போக யார்தான் விடுவார்கள்? ஆனால் அந்தத் தளத்தைப் போடும்போது கம்பம் நடுவதற்கென்று அளவெடுத்து ஒரு குழி விட்டீர்கள், அதைச் சுற்றி அழகாகக் கல்லும் பதித்தீர்கள். திருவிழாவுக்கு அது தேவை என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. அதே மாதிரி மூலையில் இன்னொன்று விட்டால் நாங்கள் யாரும் தளத்தைத் தொடவே வேண்டியதில்லை.

ஆகவே நான் கேட்பது இவை. அந்த மூன்று வரிகளில் முதல் இரண்டையும் தாளிலிருந்து எடுத்துவிடுங்கள். பூச்சாட்டுக்கு முன்பே, தண்ணீர் ஊற்றும் பக்கத்துக்கு எதிர்ப்புறமாகக் கோயில் மதிலோரத்தில் மூடி போட்ட நிரந்தர எர்த் குழி ஒன்றை, எர்த் போடுவதற்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 3043 தெரிந்த, உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரை வைத்துப் போடுங்கள். தடை எத்தனை ஓம் என்று அளந்து மூடியிலேயே எழுதச் சொல்லுங்கள். அதன் பக்கத்தில் மழை நுழையாத பெட்டி ஒன்று வேண்டும். அதில் மேடைக்கென்று தனி லைன், தனி எம்சிபி, தனி 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, எர்த்தோடு கூடிய 16 ஆம்பியர் சாக்கெட்டுகள் இருக்க வேண்டும். சீரியல் செட்டும் சமையல் பந்தலும் அதைத் தொடக் கூடாது. நன்கொடைப் பலகையில் போட ஆள் தேடுகிறீர்கள் என்றால் இந்தப் பெட்டிக்கு முதல் தொகையை நானே தருகிறேன்.

கச்சேரி அன்று நாங்கள் எதையும் சொருகுவதற்கு முன்பு கமிட்டியில் ஒருவர் பக்கத்தில் நின்று அந்த மூன்று அளவுகளையும் மீட்டரில் பார்த்து, தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், நானும் போடுகிறேன். ஜெனரேட்டருக்கு மாற்றுவதானால் ஆம்பை இறக்கிவைக்க எங்களுக்கு இரண்டு நிமிஷம் முன்னால் சொல்லி அனுப்புங்கள். மேடையும் மிக்சரும் சேர்ந்தே மாறட்டும். மைக் கூசுகிறது என்று பாடுகிறவர் சொன்னால், யாரையும் கேட்காமல் மெயினை இறக்கும் அதிகாரம் மைக் செட்காரருக்கு உண்டு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். மஞ்சள் நீராட்டு அன்று கம்பத்திலிருந்து பத்து மீட்டருக்குள் கரண்டு பெட்டியோ பலகையோ இருக்கக் கூடாது என்று இன்னொரு வரியும் வேண்டும். பொறுப்பைப் பற்றிய மூன்றாவது வரியை இப்படி மாற்றுங்கள்: பெட்டி வரைக்கும் கமிட்டி பொறுப்பு, பெட்டியிலிருந்து மைக் வரைக்கும் மைக் செட்காரர் பொறுப்பு. என் பங்குக்கு நான் எழுதித் தரத் தயார்.

இந்த மாற்றங்களோடு புதுத் தாளை அனுப்பினால் அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன். பழைய தாளேதான் என்றால் அதையும் பூச்சாட்டுக்குப் பத்து நாள் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். அந்தத் தேதிகளுக்கு வேறு வேலை ஒத்துக்கொள்ள எனக்கு நேரம் வேண்டும்.

இப்படிக்கு,
கோபி வட்டாரத்து மைக் செட்காரர் ஒருவர்